நூற்று நாற்பத்திரண்டு கையெழுத்துகள்

அபிதகுஜாம்பாள் வழக்கறிஞராக இருந்தது ஆறே வருடம். தாம்பரம் நீதிமன்றத்தில் வாய்தா வாங்கி வாங்கி அலுத்துப்போய், 2009இல் ஜிஎஸ்டி சாலையோரத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிடம். சேரும்போது சட்ட உதவியாளர். போன தை மாதம் மாரடைப்பில் இறந்தபோது பிரிவின் மேலாளர்.

டாக்டர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். அதற்கு முன் ஒருவர் ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும், நெறிமுறைக் குழுவைக் கூட்ட வேண்டும், ரத்தம் கொடுப்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தைச் சரிபார்க்க வேண்டும். உறவினர்கள் கேட்டால், “படிக்கிற உத்தியோகம்” என்று முடித்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்காமல் விழுங்கமாட்டார். மகன் கேஷவ் வாங்கிவந்த வாஷிங் மிஷினின் உத்தரவாத அட்டையை முழுக்கப் படித்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

தமிழ்ப் படிவம் வந்தால், அலுவலகம் பெருக்கும் எல்லம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். “இன்னா மேடம் சொல்ற, ஒண்ணும் புரியல” என்று எல்லம்மா நிறுத்தும் வரியைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவார். நுரையீரல் டாக்டர் டெனிஸுக்கு இது தீராத கிண்டல். “குழுத் தலைவர் எல்லம்மா இன்னிக்கு லீவா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

அந்த டெனிஸின் ஆய்வில்தான் சறுக்கியது.

அனகாபுத்தூரில் மூச்சிரைப்பு உள்ள நூற்று நாற்பத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. நூற்றிருபதுக்குக் கீழே போனால் ஆய்வு செல்லாது. ரத்தம் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போகாது என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. எட்டு மாதம் கழித்து, கூடுதல் சோதனைக்கு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றோடு ஒப்பந்தம் வந்தது. ரத்தம் அடைத்த ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் அங்கே போகும். அபிதகுஜாம்பாள் அதையும் வரிவரியாகப் படித்தார். காப்புரிமை, இழப்பீடு, வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், எல்லாம் சரி. கையெழுத்துக்கு அனுப்பினார். படிவம் ஒரு கோப்பில், ஒப்பந்தம் இன்னொரு கோப்பில். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. ரத்த மாதிரிப் பெட்டி விமானம் ஏற ஒரு வாரம் இருக்கும்போது, சுங்கத்துக்கான காகிதங்களோடு படிவத்தின் நகலைச் சேர்க்கையில் அந்த வரி கண்ணில் பட்டது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இயக்குநருக்கு நாலு வரி எழுதினார். தவறு என்னுடையது. பெட்டி போகக் கூடாது. பழைய கையெழுத்து இனிச் செல்லாது, எல்லோரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும். சம்மதிக்காதவர்கள், அகப்படாதவர்கள் ரத்தத்தை அழிக்க வேண்டும்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டெனிஸும் வந்தார். அன்று கிண்டல் இல்லை.

“நூத்தி நாப்பத்திரெண்டு வீடு மேடம். பாதிப் பேர் வாடகை வீடு. எங்க போய்த் தேடறது?”

“நானும் வரேன் டாக்டர்.”

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள். கார் நுழையாத சந்துகள். ஆறடி டெனிஸ் முழங்காலை மடக்கிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால். வீடு மாறியவர்களைத் தேடிக் கோவிலம்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை போனார்கள். “மொதல்ல உங்ககிட்ட தப்பா சொல்லிட்டோம்” என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் அபிதகுஜாம்பாள் ஆரம்பிப்பார். மறுத்தவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பார்க்கலாமே என்று டெனிஸ் முனகினார்.

“அதுக்கு மேல சொன்னா, விட்டாப் போதும்னு கையெழுத்துப் போடுவாங்க டாக்டர்.”

ஒன்பதாவது ஞாயிறு, நூற்றுப் பன்னிரண்டு பேர் சம்மதம். இருபது பேர் மறுப்பு. ஒன்பது பேர் அகப்படவே இல்லை. மிச்சம் ஒரே வீடு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் ரத்தினம், அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“என் ரத்தம் இப்போ எங்க கீது?”

“காலேஜ்ல, ஃப்ரீசர்ல.”

“நான் பார்க்கணும்மா.”

அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை துவைத்த சட்டையோடு வந்தார். டெனிஸ் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் உயரக் குழாய், எண்பத்தேழு என்று எண். ரத்தினம் குனிந்து பார்த்தார்.

“இவ்ளோதானா? இதுக்கா சார் இத்தினி ஞாயித்துக்கெழம அலஞ்சீங்க?” பிறகு அபிதகுஜாம்பாளிடம் திரும்பினார். “இங்கயே இருக்கட்டும்மா. டாக்டர் இன்னா பாக்கணுமோ பாக்கட்டும். வெளிநாடு வேணாம்.”

படிவத்தில் இரண்டே கட்டம்: சம்மதம், மறுப்பு. இத்தனை வருடம் படிவம் பார்த்தவருக்கு, முழு மறுப்பாகாத மறுப்பு ஒன்று இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பேனாவால் ‘இங்கே மட்டும்’ என்று மூன்றாவது கட்டம் வரைந்தார். குழு ஒப்புக்கொண்ட பிறகு, மறுத்த இருபது வீடுகளுக்கும் மறுபடி போனார். பதின்மூன்று பேர் மூன்றாவது கட்டத்தில் கையெழுத்திட்டார்கள். ரத்தினத்தோடு நூற்றிருபத்தாறு. டெனிஸின் ஆய்வு பிழைத்தது.

மீதிப் பதினாறு குழாய்களை ஒரு வெள்ளிக்கிழமை அழித்தார்கள். டெனிஸ் எண்ணைப் படிக்க, அபிதகுஜாம்பாள் சாட்சியாகப் பதிவேட்டில் எழுதினார். கடைசிக் குழாயைக் கழிவுப் பெட்டியில் போடாமல் டெனிஸ் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தம்மாவ கூடுவாஞ்சேரில ரெண்டு தடவ தேடினோம் மேடம். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க.”

“சொல்லியிருப்பாங்க டாக்டர். நாம கேக்கலியே.”

டெனிஸ் குழாயைப் போட்டார். அபிதகுஜாம்பாள் நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டார்.