வெறும் தரவை

இன்று எங்கள் ஃபிளாட் வாசலில் புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசம், இல்ஃபோர்டில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழும்ப, வெட்டுக்கிளிகள் ஓயாமல் கிறீச்சிட, வானம்பாடிகள் தரையில் கூடுகட்டி மேகம்வரை ஏறிப் பாடிய வெட்டவெளிக்கு, அந்தத் தரவைக்கு, என்னைக் கொண்டுபோனது.

அங்கே கட்டடம் கட்டுவது பற்றிக் கவுன்சில் படிவம் அனுப்பியபோது எனக்குப் பத்து வயது. ஆங்கிலம் தெரியாத அம்மாவின் படிவங்களையெல்லாம் நான்தான் நிரப்புவேன். அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி.

"வெறும் தரவைதானே. ஒண்டும் இல்லையெண்டு எழுது, பிள்ளை," என்றார் அம்மா.

அதற்கு முதல் நாள்தான் வானம்பாடிக் கூட்டில் நான்கு முட்டைகளைப் பார்த்திருந்தேன். ஆனாலும் அழகான கையெழுத்தில் ஒன்றும் இல்லையென்றே எழுதினேன்.

அங்கே எழும்பிய கட்டடத்தின் நான்காம் மாடியில்தான் இப்போது குடியிருக்கிறேன். யன்னலைத் திறந்து காதுகொடுத்தேன். வானம்பாடியும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை. நான் எழுதியது உண்மையாகிவிட்டது.