எட்டாம் வேற்றுமை

காஞ்சிபுரத்தில் சமஸ்கிருத வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தபோது, விசைத்தறி ஓட்டும் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எட்டு விரல்களில் எட்டு வேற்றுமை, மூன்று கணுக்களில் நுனியிலிருந்து ஒருமை, இருமை, பன்மை என்று கட்டைவிரலால் தொட்டு ‘ராஜன்’ என்ற சொல்லை உருப்போட்டார். கடைசி விரலின் நுனிக் கணுவைத் தறி எடுத்திருந்தது. அந்த இடத்தில் காற்றைத் தொட்டு, “ஹே ராஜன்” என்றார்.

என் வீட்டில் முதலில் படித்தவள் நான். கல்வெட்டுப் படிப்பில் சேர இந்தத் தேர்ச்சி வேண்டும். “ராஜான்னுதானே வரணும்ணா?” என்று திருத்தினேன்.

“அது மொத வேற்றுமைமா. அங்க ‘ன்’ வுழுந்துடும். கூப்பிட்டா திரும்பி வந்துடும். என் விரலுதான் எவ்ளோ கூப்பிட்டும் வரல.”

உள்ளே என்னிடம் அதையே கேட்டார்கள். “ஹே ராஜன்” என்றேன்.

“பலபேர் தப்பா சொல்ற எடம். யார் சொல்லிக்குடுத்தா?”

“நானே படிச்சேன் சார்.”

வெளியே வந்ததும் அவர், “ராஜன் கேட்டாங்களாம்மா?” என்றார்.

“இல்லண்ணா, வேற கேட்டாங்க.”

“அப்ப எனக்கு வெச்சிக்கினு இருக்காங்க” என்று சிரித்தபடி உள்ளே போனார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் தேர்வறையின் ஜன்னல் திறந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.