பக்கத்துக் கட்டிலைப் பற்றிக் கேட்ட ஸுஹைறா

ஸுஹைறா மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது எனக்குத் துளி நம்பிக்கையும் வரவில்லை. ஒரு கையில் ஃபைல், மறு கையில் கீரைக்கட்டு. பிரதேச செயலகத்தில் முதியோர் காரியம் பார்ப்பவர், மருதமுனைக்காரி. கீரை வாங்கிய கையோடு விசாரணையா என்று மனதுக்குள் ஏசினேன்.

முறைப்பாடு கொடுத்தவன் நான். சாய்ந்தமருதில் மீன் லொறி ஓட்டுகிறேன். என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் முகைதீன்பாவாவுக்குச் சர்க்கரை வியாதியோடு வாதமும் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மனைவி மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார், பிள்ளையும் இல்லை. நான் இருப்பது பெண்சாதிக்குச் சீதனமாக வந்த வீடு. இரண்டு அறை, கலியாணமாகாத மூன்று குமர்ப் பிள்ளைகள். வேறு வழியில்லாமல்தான் கல்முனையில் ஒரு முதியோர் இல்லத்தில் காக்காவைச் சேர்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குச் சாரன் மாற்றிவிடும்போது இடுப்புக்குக் கீழே புண்ணைக் கண்டேன். ஈ மொய்த்தது. நிர்வாகியிடம் கத்தினேன்.

"சீனி வருத்தக்காரருக்குப் புண் வாறது புதினமா? வேற ஒருத்தரும் குறை சொல்லல்லயே. பிடிக்காட்டி கூட்டிட்டுப் போங்க," என்றார் அவர்.

அதன் மேல்தான் முறைப்பாடு கொடுத்தேன். விசாரணையில் ஒன்றும் அகப்படாமல் வெளியே அனுப்பிவிட்டால் காக்காவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது?

ஸுஹைறா ஆண்கள் கூடத்தில் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டார். "எப்பிடி இரிக்கீங்க மாமா? நல்லாப் பாக்காங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ், மகள்."

அடுத்தவரும் அல்லாஹ்வுக்கே புகழ் என்று அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே. கடைசியில் காக்காவும், "அல்ஹம்துலில்லாஹ். ஒரு குறையுமில்ல," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புண்ணோட கிடந்துக்கிட்டு என்ன கதை காக்கா இது?"

"அல்லாஹ் தந்தத்துக்குக் குறை சொல்லச் சொல்றியாடா?"

வாசலில் நின்ற நிர்வாகி பல்லைக் காட்டினார். ஸுஹைறா ஃபைலை மூடினார். முடிந்தது என்று நினைத்தேன். அவரோ நிர்வாகியை வெளியே அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, காக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அதாவுல்லாவின் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, உங்கட கதைய உடுவம். பக்கத்துக் கட்டில்காரர் எப்பிடி? அவருக்கு ஏதும் குறை இரிக்கா?"

அதாவுல்லா எழும்பி உட்கார்ந்துவிட்டார். "இவருக்கா? ஏன் கேக்கீங்க மகள்! விடிய மல்லாத்திப் போட்டா பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் அப்பிடியேதான். பிரட்டிப் போட ஆளில்ல. வேலைக்கு ஒத்தப் பொம்புளப் புள்ள, சமைக்கிறதும் அவதான், கூட்டுறதும் அவதான். இந்த மலைய அவ தூக்க ஏலுமா? நனைஞ்ச சாரனோடயே கிடக்கார்."

காக்காவுக்கு ரோசம் வந்தது. "அப்ப இவர்ட கதையச் சொல்லட்டா? வாயில பல்லில்ல. கல்லு மாதிரிச் சோத்த வைக்காங்க. பாதியத் திருப்பி அனுப்பிட்டுப் பசியில்ல எண்டு சொல்லுவார்."

"என்ட பல்லு உனக்கென்ன?"

"என்ட சாரன் உனக்கென்ன?"

கூடமே சிரித்தது. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஆளாளுக்குப் பக்கத்து ஆளுக்காக வழக்குப் பேசினார்கள். தன்னைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முற்றத்துக்கு வந்ததும் கேட்டேன். "இத எங்க படிச்சீங்க மிஸ்?"

"என்ட மாமிக்கிட்ட, புருசன்ட உம்மாக்கிட்ட. கலியாணம் முடிச்ச நாள்லருந்து அவவப் படுக்கையில வச்சுப் பாத்தன். தனக்கு உயிர் போற வலி எண்டாலும் அல்ஹம்துலில்லாஹ்தான். பக்கத்து ஊட்டுக்காரிக்குத் தலையிடி எண்டா ஊரையே கூப்பிடுவா. அவ மௌத்தான பிறகுதான் நான் சோதின எழுதி இந்த வேலைக்கு வந்த."

நிர்வாகியைக் கூப்பிட்டு ஆண் பராமரிப்பாளர் ஒருவரைப் போடச் சொன்னார். அப்படி ஆளுக்கு எங்கே போவது என்று அவர் மூக்கால் அழுதார்.

"ஆள் போடுற வரைக்கும் புதுசா ஒருத்தரையும் சேர்க்க ஏலாது," என்றார் ஸுஹைறா. "இவர அனுப்பவும் ஏலாது. புண் உங்கட இடத்துல வந்தது, ஆத்துறதும் உங்கட பொறுப்பு."

அந்த மாதமே சுபியான் என்ற திடகாத்திரமான ஆளை வேலைக்கு எடுத்தார்கள். ஸுஹைறா சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காக்காவைப் பிரட்டச் சொல்லித் தன் கண்ணால் புண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். நிர்வாகிக்கு இன்றைக்கும் அவரைக் கண்டால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

போன கிழமை நான் போனபோது சுபியான் காக்காவைக் கதிரையில் இருத்திச் சவரம் செய்துகொண்டிருந்தான். புண் வாய் மூடி, புதுத் தோல் பிடித்திருந்தது.

"கூட்டிட்டுப் போகவா வந்த?" என்றார் காக்கா, பகிடியாகச் சிரித்து.

"மீன் கொண்டு வந்தன்."

"குசினியில சமைக்கக் குடு. இருந்து சாப்பிட்டுட்டுப் போ."