கண்டக்டர் வீட்டுக் கூட்டம்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் இன்னும் பத்துப் பேரை ஏற்றிவிட்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஃபுட்பாலே விளையாடலாம்" என்று விசில் ஊதுகிற ஆள். வீட்டிலும் அதே பேச்சுதான். பாத்ரூம் வாசலில் மகள்கள் முட்டிக்கொண்டால், "இறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்பார். சாப்பிட உட்கார்ந்தால், "கொஞ்சம் நகர்ந்தா இன்னொருத்தர் உக்காரலாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கோ சிரிப்புத் தாங்காது.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு மூன்றாவது பிரசவத்தில் ரெட்டைப் பொண்ணு. "நாலும் பொண்ணா..." என்று இழுத்த பக்கத்து வீட்டம்மாவிடம், "ஆமாங்க, லேடீஸ் ஸ்பெஷல்" என்றார் மாமா. அந்தப் பதிலுக்காகவே அவருடைய மற்ற அறுவையை எல்லாம் மன்னித்தேன்.

ஒத்தாசைக்கு என்று நான் போய் இறங்கிய அன்றே ஒன்று கண்ணில் பட்டது. குழந்தையைத் தூக்கச் சொன்னால் மாமா நழுவுகிறார்! ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கிறவர், பச்சைக் குழந்தையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கழுத்து நிக்கட்டும்மா" என்கிறார். முதல் ரெண்டையும் கழுத்து நின்ற பிறகுதான் தொட்டாராம். வெட்கக்கேடு!

ஆனால் வீட்டின் பெரிய கவலை அதுவல்ல, நாலு வயதுச் சின்னவள். அதுவரை அக்காவுக்கு ஒரு பக்கம் பெரியவள், மறுபக்கம் சின்னவள் என்று படுத்துவந்தார்கள். இப்போது ரெண்டு பக்கமும் ரெட்டையர். பெரியவள் எட்டு வயதுக்காரி, ஒன்றும் பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். சின்னவள் அம்மாவின் அறைக்குள்ளேயே போவதில்லை. அக்கா கூப்பிட்டால் வாசலில் நின்று, "அங்க இடமில்ல" என்பாள். அவ்வளவுதான். அழுகை கிடையாது, அடம் கிடையாது. அழுது புரண்டிருந்தாலாவது சமாளித்திருப்போம்.

"அவ என்னை வேணாம்னு வெச்சுட்டாடி" என்று அக்கா தேம்பினாள். மிட்டாய், பொம்மை, கெஞ்சல், எதுவுமே எடுபடவில்லை.

மாமாவின் லீவு நாள் ஒன்றில், மத்தியானம், கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டினோம். பெரியவள் டிரைவர். கண்டக்டர் சின்னவள், கழுத்தில் அப்பாவின் விசில், அவருடைய தோல்பை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மாமா ஒரு கரடி பொம்மையோடு ஏறி, அதைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். விடுவாளா அவள்?

"மடியில வெச்சுக்கங்க சார். கைக்குழந்தைக்குத் தனி இடம் கிடையாது!"

அச்சு அசல் அப்பா குரல். சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு பையோடு விறுவிறுவென்று அம்மாவின் அறைக்குள் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அக்காவின் வலப்பக்கம் தூங்கிய குழந்தையைக் காட்டி, "இது கைக்குழந்தைதானே?" என்று கேட்டாள்.

"ஆமாண்டா செல்லம்."

"அப்ப எதுக்குத் தனி இடம்? அப்பா, மடியில வெச்சுக்கங்க."

"கழுத்து இன்னும்..." என்று மாமா இழுத்தார். சின்னவள் விசிலை வாயில் வைத்தாள்.

"ஐயோ, ஊதித் தொலைக்காதடி!" என்று நான் அலறினேன்.

மாமா சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் அதன் கழுத்தைத் தாங்கிக்கொண்டார். குழந்தை ஒரு கொட்டாவி விட்டு, அவர் சட்டையில் மூக்கை வைத்துத் தூங்கிப்போனது. வாய் ஓயாத மனுஷன் கண் கலங்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் பையைக் கழற்றிப்போட்டு, காலியான இடத்தில் படுத்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள்.

பெரியவள் கதவோரம் நின்றிருந்தாள். அவளுடைய இடமும்தானே போயிருந்தது! பெரியவள் பெரியவள் என்று சொல்லியே அவளை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

சின்னவள் தலையைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்தாள். அம்மாவோடு இன்னும் ஒட்டிக்கொண்டு, மெத்தையைத் தட்டினாள்.

"உள்ள வா, உள்ள வா. கொஞ்சம் நகர்ந்தா இன்னொருத்தர் படுக்கலாம்."