புரட்டாசியில் வந்த கருவாட்டு லோடு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், மறதியும் சேர்ந்துகொண்டது. பேசச் சொன்னால் இதுகூட வராது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தால் ஒரு தடவை என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாசலைப் பார்க்கிறேன், திரும்ப வருகிறேன்.

நாமக்கல் பக்கம், புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் காடு. எங்கள் பக்கம் மழையை நம்பிய நிலத்தைக் காடு என்போம். எழுபதுகளின் கடைசியில் வரிசையாக மழை ஏமாற்றியது. கடலை போட்டால் விதைகூடத் திரும்பவில்லை. கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரும் உப்புக் கரித்தது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் கோழிப்பண்ணை போட்டார். என் கல்யாணத்துக்கு அண்ணன்மார் போட்ட சங்கிலிதான் விலைபோய் ஓலைக் கொட்டகையாகவும் குஞ்சுகளாகவும் ஆனது. அது போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கோழி என்றால் தானியத்தைத் தூவினால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கம்பு, மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு எல்லாவற்றையும் களத்தில் கொட்டி மண்வெட்டியால் கலக்க வேண்டும். அதோடு கருவாட்டுத் தூள் சேர வேண்டும். முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் வேண்டும். இந்த இரண்டும் கடற்கரையிலிருந்து லாரியில் வந்தன. கருவாட்டை நிறுத்திப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒரு வாரத்தில் முட்டை குறைந்துவிடும். நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கடலால்தான். ஆள் சாப்பிட உதவாத பொடிமீன்களை அங்கே மணலில் காயப்போட்டு மூட்டை கட்டி அனுப்புவார்களாம். அந்த மூட்டை எங்கள் களத்தில் தூளாகி, முட்டையாகி, மறுபடி லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகும். நாமக்கல் முட்டை என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் பாதிப் பெருமையைக் கடற்கரைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நாற்றத்தையும் சொல்ல வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டுப் போனாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் என் மகளைக் "கருவாட்டு ஊட்டுப் புள்ள" என்று கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

கருவாட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று மணல். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் மணல் அடியில் தங்கிவிடும். இன்னொன்று உப்பு. கோழிக்கு வரும் கருவாட்டில் உப்புப் போட்டிருக்கக் கூடாது, கோழி தாங்காது. அதற்கு நாக்குதான் வழி. எங்கள் வீட்டுக்காரர் புகையிலை போடுகிறவர், அவர் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. லோடு இறங்கியதும் நாலைந்து மூட்டையில் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவேன். வாய் பேச வேண்டியதில்லை. நன்றாக இருந்தால் தலையாட்டுவேன். இல்லையென்றால் அவரைப் பார்ப்பேன். அவர் புரிந்துகொண்டு லாரிக்காரரிடம் பேசுவார்.

அந்த லோடு வந்தது புரட்டாசிச் சனிக்கிழமை காலையில். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை என்றால் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வரை என் மாமியார் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். எங்களுடையது முட்டை விற்கிற வீடு, ஆனால் அந்த மாதம் வீட்டுக்குள் ஒரு முட்டை வராது. கருவாட்டைக் கையால் தொடலாம், அது தொழில். நாக்கில் வைத்தால் அது சாப்பாடு. இப்படி ஒரு கோட்டை நாங்களாகவே போட்டு வைத்திருந்தோம். முந்தின வருஷங்களில் புரட்டாசிக்கு முன்பே இருப்பு வாங்கி வைத்துவிடுவோம். அந்த வருஷம் லாரி தாமதம்.

லாரிக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாய் ஓயாது. மூட்டை இறங்கியதும் என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"என்னக்கா, இன்னைக்கு நாக்குல வச்சுப் பாக்கலியா?"

எங்கள் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "பொரட்டாசிச் சனிக்கெழமைங்க. இன்னைக்கு அவ நாக்குக்குத் துளசித் தீர்த்தந்தானுங்க."

"அப்பம் கோழிக்குப் புரட்டாசி கெடையாதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "நம்ம ஏவாரி அனுப்புன சரக்குதானுங்களே, எறக்குங்க" என்று சொல்லிவிட்டார் இவர்.

ஆனால் நான் ஒன்றைப் பார்த்தேன். ஒரு மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் பூத்திருந்தது. வெயிலில் வந்த சாக்கு அது. மழையும் இல்லை. கைவிட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உப்பு இருந்தால்தான் அப்படிக் கசியும். எனக்குத் தெரியும். 'ஏனுங்க, ஒரு நிமிசம்' என்று தொண்டை வரை வந்தது. லாரிக்காரர், மூட்டை இறக்குகிற ஆட்கள், மாமியார் எல்லோரும் நிற்கிறார்கள். சொன்னால், 'சரி, நாக்குல வெச்சுத்தான் பாரு' என்பார்கள். மாமியார் முகத்தை நினைத்தேன். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பழைய தூள் தீர்ந்திருந்தது. அன்றைக்கே புதுசை மில்லில் அரைத்துக் கலந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவனம் வைத்தோம்.

மத்தியானமே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோழிகள் தீவனத் தட்டை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஊற்ற ஊற்றத் தட்டு காய்ந்தது. கடலைத் தோல் பரப்பிய தரை எச்சத்தால் சொதசொதவென்று ஆகிவிட்டது. "வெயிலுக்குக் குடிக்குதுக" என்றார் இவர். நான் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. மாமியார்கூட, "ஏஞ்சாமி, காலுல சக்கரமா கட்டியிருக்குது? ஒரு பக்கம் உக்காரு" என்று அதட்டினார்.

திங்கட்கிழமை விடிந்து போனபோது கொட்டகையில் வழக்கமான சத்தம் இல்லை. வாசல் ஓரத்திலேயே செத்துக் கிடந்தன. சாகாதவை காலை மடக்கி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கினேன். தலை தொங்கியது, அலகிலிருந்து தண்ணீராக ஒழுகியது.

இவர் முதல் பஸ்ஸில் நாமக்கல் போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"புதுசா என்ன கலந்தீங்க?"

"கருவாடு மட்டுந்தானுங்க புதுசு."

"உப்பு இருக்குதான்னு பாத்தீங்களா?"

இவர் தரையைப் பார்த்தார். மாமியார் இவரைப் பார்த்தார். மூட்டை இன்னும் பாதிக்கு மேல் அங்கேயே அடுக்கியிருந்தது. நான் போனேன். ஈரம் பூத்த மூட்டையில் கைவிட்டு ஒரு கிள்ளு எடுத்து, மாமியார் பார்க்கவே நாக்கில் வைத்தேன். சுரீர் என்றது. ஊறுகாய் உப்புப் போல.

"உப்புத்தானுங்க. சனிக்கெழமையே தெரிஞ்சுதுங்க. நாந்தான் சொல்லல" என்றேன். வேற்று ஆண் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

டாக்டர் திட்டவில்லை. தீவனத்தை அத்தனையும் வாரி வெளியே கொட்டச் சொன்னார். நல்ல தண்ணீராகக் கொடுக்கச் சொன்னார். ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிவிட்டு, "இது ஆகாது" என்றார்.

நல்ல தண்ணீர் இரண்டு காடு தள்ளி ஒருவர் கிணற்றில் இருந்தது. குடம் குடமாகத்தான் கொண்டுவர வேண்டும். நானும் இவரும் தூக்கினோம். மூன்றாவது நடை திரும்பும்போது பார்க்கிறேன், எதிரே மாமியார் இடுப்பில் குடத்தோடு வருகிறார். ஆரம்பத்தில் பண்ணையே வேண்டாம் என்று சொன்னவர் அவர். என் பக்கத்தில் வந்ததும் குடத்தைச் சாய்த்து, "வாயக் கொப்புளிச்சுக்க" என்றார். கொப்புளித்தேன்.

"நாக்குல வெச்சாத்தான் தெரியுமுன்னா வெச்சுப் பாத்துத் தொலைய வேண்டியதுதானே? அப்புறம் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாப் போவுது. பெருமாளு என்ன, லாரிக்காரனாட்டம் சிரிக்கவா போறாரு?"

மூன்று நாள் அப்படி நடந்தோம். செத்ததைக் குழி வெட்டிப் புதைப்பதும் மிச்சத்துக்குத் தண்ணீர் வைப்பதுமாக. பாதிக்குமேல் பிழைத்தன. அவை திரும்ப முட்டை வைக்கத் தீபாவளி தாண்டிவிட்டது. முதலில் வந்த ஒரு கூடை முட்டையை இவர் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவரும் பேச்சுக் குறைவானவர்தான்.

அடுத்த லோடுக்கு வந்த லாரிக்காரர் விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தார். அங்கே காற்று பலமாக அடித்துப் பல நாள் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லையாம். படகை அவர் போட்டு என்பார். பொடிமீன் வரத்து இல்லை. நாமக்கல்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று, வியாபாரி உப்பில் கிடந்த பழைய கருவாட்டையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டாராம். "போட்டு போகலன்னா எங்க ஊருல பாதிப் பேருக்கு அடுப்பு இல்லக்கா. இங்கயும் அதே கததான்னு இப்பம்லா தெரியுது" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவை.

அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. எங்கேயோ அடித்த காற்றுக்கு இங்கே என் கோழி விழுந்திருக்கிறது. அதன்பிறகு ரேடியோவில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மூட்டைகளைப் பார்க்க ஓடுவேன். எந்த மாதமானாலும் நாக்கில் வைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். இப்போது பண்ணை இல்லை, மூட்டையும் இல்லை. இருந்தாலும் டிவியில் புயல் என்று காட்டினால் எழுந்து நின்றுவிடுகிறேன். மகள், "எங்கம்மா போற?" என்று கேட்கிறாள். எனக்கே தெரிவதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை நாள் கழித்து முட்டை வந்தது, எந்த வருஷம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. கோழி வைத்தியம் படித்தவர்கள் உப்பு பற்றி நான் எழுதியதைப் பார்த்துத் திருத்துங்கள். கடற்கரைக்காரர்கள் யாராவது, புரட்டாசியில் அங்கே காற்று அப்படி அடிப்பது உண்டா என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். சனிக்கிழமை விரலில் ஒட்டியது மட்டும் சரி. அதை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.