மொறுமொறுப்புக்கு என்ன போட்டேன்?

கொள்ளுப்பிட்டி ட்ராஃபிக்கில் பஸ் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஃபோன் திரையில் ஒரு வெள்ளைக்காரர், இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றின் மேல்மூடியைக் கத்தியால் உடைக்கிறார் – கர்ரக்! உள்ளிருந்து ஆவி, இறைச்சி, கிரேவி... இதைத்தான் செய்யவேண்டும்!

நான் வெள்ளவத்தையில் துளசி வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். துளசி, என் அண்ணா கட்டிக்கொள்ளப் போகும் பெண். அதாவது, அவளுடைய அம்மா, எங்கள் அன்ரி, சம்மதித்தால்.

அன்ரிக்குக் கோபம் ஒன்றுமில்லை. தயக்கம்தான். நாங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அவர்கள் இந்துக்கள்; ஆடு, கோழி உண்டு, மாட்டிறைச்சி வாசல்படி ஏறாது.

"வாற ஞாயிறு உங்கட வீட்டை வாறன் பிள்ளை. ஒருக்கா இருந்து சாப்பிட்டுப் பாப்பம்" என்றிருந்தார் அன்ரி.

சாப்பாட்டை மட்டுமா பார்க்க வருகிறார்? எனக்கு விளங்காதா என்ன?

உடனே வீட்டில் சட்டம் போட்டேன். அந்த வாரம் மாட்டிறைச்சி இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. சட்டி, கரண்டி எல்லாம் புதிது. "மத்தவங்க நம்பிக்கைய மதிக்கணும் மம்மி" என்று அம்மாவுக்கு ஒரு லெக்சர் வேறு.

மீட் பைக்கு உள்ளே ஆட்டிறைச்சி. மேலே பேஸ்ட்ரி. அதற்கு பட்டர் சரிவராதாம், சூவெட் வேண்டுமாம் – மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பு. சந்தையில் இறைச்சிக்கடைக்கார முஸ்லிம் நானாவிடம் கேட்டேன்.

"இதெ நாங்க வீசுறது. ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்று சிரித்தார்.

வாங்கினேன். நான் காலிசெய்த அதே ஃப்ரிட்ஜில் உறைய வைத்தேன். கரட் போலத் துருவி, மாவில் தூவி, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன்.

நீங்கள் இப்போதே தலையில் கைவைத்திருப்பீர்கள். நான் வைக்கவில்லை. என் மூளையில் மாடு என்றால் இறைச்சி. இது பேஸ்ட்ரிச் சாமான்... பேக்கிங் பவுடர் மாதிரி!

ஞாயிறு வந்தது. அன்ரியும் துளசியும் வந்தார்கள். மீட் பை பொன்னிறமாய் உப்பி நின்றது. அன்ரி ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அண்ணாவின் முகத்தில் கல்யாணக் களை.

"மேல்மா என்ன இப்பிடி மொறுமொறுவெண்டு இருக்கு! பட்டரோ பிள்ளை?"

"பட்டரா? சேச்சே, மாட்டுக் கொழுப்பு அன்ரி! பட்டர் டக்கெண்டு உருகிரும். இது மெதுவா உருகும். அதாலதான் லேயர் லேயரா..."

இரண்டாவது லேயரில் என் வாய் நின்றது.

அன்ரி எழுந்து வோஷ்பேசினுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. துளசி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த அன்ரி கதிரையில் உட்காரவில்லை.

"பரவாயில்லை பிள்ளை. தெரியாமச் செய்ததுதானே."

கன்னத்தில் அறைந்திருக்கலாம். தெரியாமலா? எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கொழுப்பு எப்படி உருகும் என்பதுவரை தெரியும்.

அவர்கள் போனபிறகு அண்ணா வெடித்தான். "நீ சொல்லாமலாவது இருந்திருக்கலாமேடி!"

சொல்லாமல் இருந்திருந்தால்? அன்ரி சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஒரு சமையலை எப்படிச் செய்வது என்று நொடியில் தேடத் தெரிந்த நமக்கு, யாருக்காகச் செய்கிறோம் என்பது எப்படி மறந்துபோகிறது? மரியாதை பற்றி லெக்சர் அடித்தவளுக்கே மறந்தது. சட்டியை மாற்றினேன், கரண்டியை மாற்றினேன்... தலையை மாற்றவில்லை.

துளசியிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை. கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்திட்டா.' கல்யாணம் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான்.

அன்ரிக்கு அனுப்ப நானும் ஒரு நீளமான மன்னிப்பு டைப் பண்ணினேன். அதில் பாதி, பேஸ்ட்ரி பற்றிய விளக்கம்! அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு நானே போகிறேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒரு சொல்லும் பேசாமல் இருக்க முயற்சி செய்யப்போகிறேன் – வாழ்க்கையில் முதல் தடவையாக.