வெளியே பூட்டிய வீடு

சந்தை வாசலில் சாவி வெட்டிக் கொடுப்பவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஆள் உட்கார்ந்தாலே முழங்கால் இடிக்கும் கடை. தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டுவார், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார், புதுப் பூட்டு மாட்டிக் கொடுப்பார். ஒரு கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தாலே அதன் லட்சணம் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, உலகத்தில் எந்தக் கதவின் மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

“நீங்க இழுக்கிற இழுப்புல ஒரு நாள் கதவே கையோட வந்துடும்” என்பாள் மனைவி. சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கும் வேலை அவளுக்கு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

ஒரு காலையில் அவள் குளியலறையில் விழுந்தாள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஆமாம் என்பதற்குக் கண்ணை மூடித் திறப்பாள். அதுவும் சில நாள் சரியாக இருக்கும். சில நாள் எதைக் கேட்டாலும் கண் மூடித் திறக்கும்.

கடையைத் திறக்காமல் எவ்வளவு நாள் ஓட்டுவது? மகள் வெகு தூரத்தில் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. “வீட்டைக் கூட்டித் துடைச்சு அம்மாவையும் பார்த்துக்க ஒரு ஆள் வெச்சுக்கோங்கப்பா. நீங்கதான் மத்தியானம் வந்துடுறீங்களே, காலையில மட்டும் இருந்தாப் போதும்” என்று போனில் சொன்னாள்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றிலிருந்து முதலில் ஒரு பெண் வந்தாள். சிரித்த முகம். வந்த சில நாளிலேயே வீடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சாவிக்காரர் கொஞ்சம் மூச்சு விட்டார். அப்புறம் ஒரு மத்தியானம் சோறு ஊட்டும்போது மனைவியின் இடது மணிக்கட்டில் ஒரு தடம் கண்ணில் பட்டது. கன்றிப்போய், விரல் அகலத்தில்.

“என்னம்மா இது?”

“கட்டில் கம்பியில இடிச்சிருக்கும் சார்” என்றாள் அந்தப் பெண், துடைப்பத்தைத் தட்டி மூலையில் வைத்துக்கொண்டே.

அவள் போனதும் சாவிக்காரர் கட்டிலருகே மண்டியிட்டார். “அந்தப் பொண்ணு உன்னை ஏதாவது பண்ணினாளா?”

கண் மூடித் திறந்தது.

“இல்ல, கட்டில்ல இடிச்சுக்கிட்டியா?”

அதற்கும் கண் மூடித் திறந்தது.

“நான் யாருன்னு தெரியுதா உனக்கு?”

கண் மூடவே இல்லை. ஓரத்தில் நீர் மட்டும் வழிந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். உண்மையில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஒரு பாவமும் அறியாதவளை விரட்டிவிட்டோமோ என்று ஒரு நாள் மனம் அடித்துக்கொள்ளும். கையை முறுக்கியவளைச் சும்மா விட்டுவிட்டோமோ என்று மறுநாள் அடித்துக்கொள்ளும். வாயில்லாத ஒருத்தியோடு யாரை விட்டுப் போனாலும் இதுதான் கதி என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வந்து கேட்ட இரண்டு மூன்று பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

கடைசியில் மாடி வீட்டுத் தையல்காரம்மா ஒருத்தியை அழைத்து வந்தாள். நல்ல உயரம். ஒட்டடை அடிக்கக் குச்சியே வேண்டாம் போலிருந்தது. எல்லோரும் அவளை நெட்டையக்கா என்றார்கள்.

“தானா வாயைத் திறந்து பேச மாட்டா. ஆனா வேலை சுத்தம்ணே. எனக்குத் தெரிஞ்ச ஆளு” என்றாள் தையல்காரம்மா.

பேச மாட்டாள் என்பதே சாவிக்காரரைக் கலக்கியது. முதலாமவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள், உள்ளே என்ன இருந்தது என்று தெரியவில்லை. இவள் பேசவே மாட்டாளாம். ஆனாலும் கடையை மூடியே வைத்திருக்க முடியவில்லை. சரி என்றார்.

முதல் நாள் அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தவர், கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். இவள் யாரையாவது உள்ளே கூட்டி வந்தால்? பாதியில் மனைவியைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனால்? அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கதவில் அவர் மாட்டியிருந்தது கடையிலேயே உசத்தியான பூட்டு. வெளியே பூட்டினால் உள்ளிருந்து திறக்க முடியாது. சத்தம் வராமல் பூட்டினார். மத்தியானம் வந்து சத்தம் வராமல் திறந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

வீடு சுத்தமாக இருந்தது. மனைவியின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டுக் கையையும் முதுகையும் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்றால் அதுவும் ஒரு பயமாக இருக்கும்.

ஒரு காலை, கடையில் ஒருவருக்கு அலமாரிச் சாவி வெட்டிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா போன் செய்தாள். இருமலுக்கு நடுவே பேசினாள்.

“அண்ணே, கீழ் வீட்டுல தீப்பிடிச்சிருக்கு. படியெல்லாம் புகை. நான் எப்படியோ இறங்கிட்டேன். வர வழியில உங்க கதவைத் தட்டினேன். பூட்டியிருக்குன்னு உள்ளேயிருந்து சொல்றா. யாருண்ணே பூட்டினது?”

மெஷினை நிறுத்தினாரா, கடையைச் சாத்தினாரா என்று பிறகு சாவிக்காரருக்கு நினைவில்லை. சந்தை நெரிசலில் யார் யாரையோ இடித்துக்கொண்டு ஓடினார். சட்டைப் பையிலிருந்த சாவி ஒவ்வொரு எட்டுக்கும் நெஞ்சில் அடித்தது. தெருமுனை திரும்பும்போதே கரும்புகை தெரிந்தது. வாசலில் கூட்டம். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு, தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு படியேறினார்.

ஊரார் கதவையெல்லாம் திறந்த கைக்குத் தன் வீட்டுக் கதவில் சாவித் துவாரம் அகப்படவில்லை. சாவி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து தரையைத் தடவித் தேடினார். கண் எரிந்தது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

திறந்தபோது கூடம் முழுக்கப் புகை மூட்டம். படுக்கையறைக்குள் தடுமாறிக்கொண்டு போனார். கட்டில் காலி. விரிப்பும் இல்லை. பெயர் சொல்லிக் கத்த வாய் திறந்தார், இருமல்தான் வந்தது. அப்போதுதான் பால்கனிக் கதவு கண்ணில் பட்டது. சாத்தியிருந்தது. அதன் அடி இடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தது தெரிந்தது.

தட்டினார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு நீளக் கை வெளியே வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி சாத்தியது.

விரிப்போடு சேர்த்து மனைவியைத் தரையில் இழுத்தே வந்திருக்கிறாள் நெட்டையக்கா. மனைவியின் தலை அவள் மடியில் இருந்தது, மூக்கின் மீது நனைத்த துண்டு. கண்கள் திறந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மார்பு ஏறி இறங்கியது. சாவிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வண்டி வருது, சத்தம் கேக்குது” என்றாள் நெட்டையக்கா.

சாவிக்காரர் கேட்டார். “பூட்டியிருக்குன்னு இன்னைக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதாம்மா?”

“மொத நாளே தெரியும் சார். குப்பை கொட்டலாம்னு கதவை இழுத்தேன், வரல.”

“ஏன் கேக்கல?”

“வேலை போயிடும்ல.”

தீயணைப்புக்காரர்கள் வந்து தீயை அடக்கி, மனைவியைத் தூக்குப்படுக்கையில் இறக்கினார்கள். கீழ் வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் கடைவீதிக்குப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு நெட்டையக்கா வரவில்லை. சாவிக்காரர் தானே சுவர்க்கரியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கரி பரவியது. கதவருகே போகும்போதெல்லாம், சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு அன்று கடையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. தையல்காரம்மாவை மனைவியருகே உட்காரவைத்து, அவளிடமே வழி கேட்டுக்கொண்டு நெட்டையக்காவின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை வீடு. கதவு விரியத் திறந்திருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்மேல கோபமா இருப்பே” என்றார், நின்றபடியே.

“கோபமெல்லாம் இல்ல சார். பயமா இருக்கு.”

“தீயை நினைச்சா?”

அவள் ஒரு புடவையை மடித்து முடித்த பிறகு சொன்னாள். “உங்களை நினைச்சு. நல்ல மனுஷர்தான். அம்மாவைத் தாங்குறீங்க. ஆனா உள்ள ரெண்டு உசுரு இருக்குன்னு தெரிஞ்சே பூட்டிட்டுப் போனீங்களே.”

முதலாமவள், மணிக்கட்டுத் தடம், மனைவியின் கண்ணீர் என்று எல்லாவற்றையும் சொல்லலாமா என்று சாவிக்காரர் பார்த்தார். “தப்புதாம்மா” என்று மட்டும் சொன்னார். “திரும்ப வருவியா? நீ சொல்றபடி வெச்சுக்கலாம்.”

அவள் மடித்த புடவையை ஓரமாக வைத்தாள். “கதவைச் சாத்தக்கூடாது. பூட்டுறதை விடுங்க, சாத்தவே கூடாது. எனக்கு வாசல் தெரியணும்.”

திறந்த கதவு. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். தலையாட்டினார்.

அவள் வந்த அன்று கதவுக்கு அடியில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். வேலை ஓடவில்லை. யாருக்கோ வெட்டிய சாவி கோணலாகப் போயிற்று. மத்தியானம் வரை தாங்காமல் எழுந்து வந்துவிட்டார். மாடிப்படியில் ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. பேசவே மாட்டாள் என்ற நெட்டையக்கா, ஜன்னலைத் துடைத்துக்கொண்டே கீழ் வீட்டுக்காரரின் இஸ்திரிப் பெட்டியைப் பற்றி விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். வாசலைப் பார்க்கப் போட்ட நாற்காலியில் தலையணைகளுக்கு நடுவே மனைவி சாய்ந்திருந்தாள். அவள் வாயின் ஒரு ஓரம் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. சிரிப்பா, நோயா என்று சாவிக்காரருக்குத் தெரியவில்லை. உள்ளே போகாமல் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நெட்டையக்கா இப்போதும் வருகிறாள். படியேறுகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். சாவிக்காரருக்கு மட்டும் காலையில் கடையில் உட்காரும்போது, வீட்டில் திறந்து கிடக்கும் கதவை நினைத்துக் கை நடுங்குகிறது. வயதாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.